மாத்திரைப் புண் என்றுதான் நினைத்தோம்

பெரியப்பாவுக்குக் குளியல் என்றால் பயம் வந்துவிட்டது. காவிரிக் கரையில் பிறந்து, காலையும் மாலையும் முங்கி எழுந்து வளர்ந்த மனிதர். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம், "குளிச்சுட்டுத் துண்டு எடுக்கிறதுக்குள்ள உடம்பு பூரா ஊசி குத்துதுடா" என்றார். தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. அரை மணி நேரம் துடித்துவிட்டுத் தானாக அடங்கும். மருந்துக்கடையில் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டார். சோப்பை மாற்றினார். கிணற்று நீருக்கு மாறினார். இரவில் உள்ளங்கால் எரிகிறது என்று தரையில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு தூங்கினார். முகம் மட்டும் நன்றாகச் சிவந்து பளபளவென்று இருந்தது. "ரிட்டயர்டு ஆனதும் மனுஷன் தேறிட்டார்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 19-க்கு மேல் இருந்தது. ரத்தச் சோகைக்கு நேர் எதிரான நோய் ஒன்று இருக்கிறது என்று எங்கள் குடும்பம் அன்றுதான் கேள்விப்பட்டது. பாலிசைத்தீமியா வெரா. எலும்பு மஜ்ஜை யார் சொல்லையும் கேட்காமல் சிவப்பணுக்களைத் தயாரித்துத் தள்ளுகிறது. ரத்தம் கெட்டியாகிறது. கெட்டியான ரத்தம் மூளையிலோ இதயத்திலோ கல்லீரல் நாளத்திலோ உறையலாம். நோயாளிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது "ரத்தம் கெட்டி" என்றுதான்.

அதன்பின் ஏழு வருடம் சீராகப் போயிற்று. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும் பிசிவி 45-ஐத் தாண்டினால் ஒரு பை ரத்தம் எடுப்பார்கள். தினமும் ஒரு ஆஸ்பிரின். ஹைட்ராக்சியூரியா கேப்சூல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த நோய்ப் பிரிவில் வரிசை. பெரியப்பா டிக்கெட் கட்டை வைத்திருந்த அதே பழக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு ஹீமோகுளோபின், பிசிவி, வெள்ளணு, தட்டணு எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதினார்.

எட்டாவது வருடம் நாக்கின் வலது ஓரத்தில் ஒரு புண் வந்தது. யாரும் பதறவில்லை. ஹைட்ராக்சியூரியா சாப்பிட்டால் வாய்ப்புண் வரும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள், அது உண்மையும்கூட. மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள். தடவ ஜெல் கொடுத்தார்கள். பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தார்கள். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "நம்பர் எல்லாம் அருமையா இருக்கு" என்றார். நாங்கள் சந்தோஷமாக வீடு திரும்பினோம். நாலு மாதம் இப்படிப் போனபின், ஆடுகிற பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் ஒரு பல் மருத்துவர் உறை போட்ட விரலால் அந்தப் புண்ணை அழுத்திப் பார்த்தார். அடியில் கல் போலக் கடினமாக இருந்தது. சதை எடுத்து அனுப்பினார். புற்றுநோய்.

நாற்பது வருடம் வெற்றிலையோடு புகையிலை போட்ட வாய் அது. ரத்த நோய்தான் நாக்குப் புற்றைக் கொண்டுவந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு மாதத்தைத் தின்றது ரத்த நோய்தான். வேறு எந்த அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு அந்தப் புண் வந்திருந்தாலும், புகையிலைக்காரர் என்று தெரிந்ததும் சந்தேகப்பட்டிருப்பார்கள். பெரியப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு நோய் இருந்தது, கையில் ஒரு மாத்திரை இருந்தது, எல்லாக் கேள்விக்கும் அந்த மாத்திரையே விடையாக இருந்தது.

அதிலிருந்துதான் நான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நீண்ட கால ரத்த நோய் உள்ளவர்களுக்கு இரண்டாவதாக ஒரு புற்றுநோய் வருவது எவ்வளவு நடக்கிறது? நோயால் வருகிறதா, மருந்தால் வருகிறதா? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கம் ஒரு தவறில்.

குடித்தால் போதும்

பாலிசைத்தீமியா வெராவை முதலில் விவரித்தவர் பாரிஸ் மருத்துவர் லூயி ஆன்றி வாக்கேஸ், 1892-ல். 1903-ல் வில்லியம் ஆஸ்லர் பல நோயாளிகளைத் தொகுத்து எழுதினார். அப்போது தெரிந்த வைத்தியம் ரத்தத்தை எடுத்துக் கொட்டுவது ஒன்றுதான்.

1930-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸ் சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்தைக் கட்டி, கதிரியக்கத் தனிமங்களை உற்பத்தி செய்துகொண்டிருந்தார். அவருடைய தம்பி ஜான் லாரன்ஸ் மருத்துவர். அண்ணனின் இயந்திரத்தில் பிறந்த கதிரியக்கப் பாஸ்பரஸை, அதாவது பாஸ்பரஸ்-32-ஐ, 1936-ல் ரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுத்தார். சில வருடங்களில் அது பாலிசைத்தீமியாவுக்கு வந்தது. எலும்பு பாஸ்பரஸை விரும்பி இழுக்கும். எலும்புக்குள்தான் மஜ்ஜை இருக்கிறது. உள்ளே போன கதிரியக்கம் மஜ்ஜையைச் சுட்டு அடக்குகிறது. 14 நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து மறைந்தும் போகிறது. ஊசியாகப் போடலாம், தண்ணீர் போலக் குடிக்கவும் கொடுக்கலாம். ஒரு வேளை மருந்தில் மாதக்கணக்கில் ரத்தம் அடங்கிக் கிடந்தது. கைநரம்பில் தடித்த ஊசி குத்தி ரத்தம் கொடுத்துச் சலித்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரியப்பாவின் முழங்கை மடிப்பில் தழும்பேறிய இடத்தைப் பார்த்தவன் என்பதால் என்னால் அந்த நிம்மதியைப் புரிந்துகொள்ள முடிகிறது.

முப்பது வருடம் இது நடந்தது. இந்த நோயாளிகளில் சிலருக்குக் கடுமையான லூக்கிமியா வந்தது. நோயே முற்றி அப்படி மாறுகிறது என்றார்கள் சிலர். மருந்துதான் காரணம் என்றார்கள் சிலர். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஏனென்றால் பாலிசைத்தீமியா மருந்தே இல்லாமலும் எப்போதாவது லூக்கிமியாவாக மாறும்.

சண்டையைத் தீர்க்க 1967-ல் லூயிஸ் வாசர்மன் தலைமையில் பாலிசைத்தீமியா வெரா ஆய்வுக் குழு கூடியது. 431 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு ரத்தம் எடுப்பது மட்டும். இன்னொரு பங்குக்குப் பாஸ்பரஸ்-32. மூன்றாவது பங்குக்குக் குளோராம்புசில் என்ற மாத்திரை. போரில் பயன்பட்ட கடுகு வாயுவின் வழியில் வந்த மருந்து அது. பிறகு காத்திருந்தார்கள், வருடக்கணக்கில்.

1981-ல் முடிவு வெளிவந்தது. ரத்தம் மட்டும் எடுத்த 134 பேரில் ஒருவருக்குக் கடுமையான லூக்கிமியா. பாஸ்பரஸ்-32 பெற்ற 156 பேரில் ஒன்பது பேருக்கு. குளோராம்புசில் சாப்பிட்ட 141 பேரில் பதினாறு பேருக்கு.

அந்த மூன்று எண்களை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஒன்று, ஒன்பது, பதினாறு. குளோராம்புசில் நிறுத்தப்பட்டது. அந்த மருந்து எடுத்தவர்களுக்கும் கதிரியக்கம் எடுத்தவர்களுக்கும் தோலிலும் குடலிலும்கூடப் புற்றுநோய்கள் கூடுதலாக வந்தது பின்னர் தெரிந்தது. ரத்தம் மட்டும் எடுத்தவர்களும் முழுக்கத் தப்பிவிடவில்லை. அவர்களுக்கு முதல் மூன்று வருடங்களில் ரத்த உறைவு அதிகமாக இருந்தது. உறைவைத் தடுத்தால் புற்று, புற்றைத் தவிர்த்தால் உறைவு. இந்த நோயைக் கையாளும் ஒவ்வொரு மருத்துவரும் இன்றுவரை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறார்.

பெரியப்பாவின் கேப்சூல்

குளோராம்புசில் போன இடத்துக்கு வந்தது ஹைட்ராக்சியூரியா. 1869-லேயே ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட பழைய வேதிப்பொருள். உயிரணு பிரியும்போது புதிய டிஎன்ஏ கட்டுவதற்குச் செங்கல் வேண்டும். அந்தச் செங்கல் சூளையை இந்த மருந்து மூடுகிறது. முந்தைய மருந்துகளைப் போல டிஎன்ஏவின் மீதே நேரடியாகக் கைவைப்பதில்லை. அதனால் பயம் குறைந்தது, ஆனால் தீரவில்லை. வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களின் நகம் கறுத்தது. கணுக்காலில் ஆறாத புண் வந்தது. வெயில் படும் இடங்களில், நெற்றியிலும் காதிலும் புறங்கையிலும், தோல் புற்றுநோய் வந்தது. வெயில் தோலின் டிஎன்ஏவை உடைக்கும். உடைந்ததைச் சரிசெய்யவும் அதே செங்கல்தான் வேண்டும்.

இந்தச் சந்தேகத்தை நேராக அணுகிய ஆய்வு ஐரோப்பாவில் நடந்தது. இத்தாலியின் திசியானோ பார்புய் முன்னின்று நடத்தினார். பாலிசைத்தீமியா போன்ற மஜ்ஜை நோய்களோடு இரண்டாவது புற்றுநோயும் வந்த 647 பேரையும், அதே வயதில், அதே நோயோடு, அதே அளவு காலம் இருந்தும் புற்றுநோய் வராத 1,234 பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எந்த மருந்து சாப்பிட்டார்கள் என்று பார்த்தார்கள். எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், ஹைட்ராக்சியூரியா சாப்பிட்டவருக்கும் சாப்பிடாதவருக்கும் வித்தியாசம் இல்லை. தோல் புற்றுநோயைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால், மெலனோமா அல்லாத வகைகளில் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். புதிய மருந்தான ருக்சோலிடினிபுக்கு அதே தோல் புற்றுநோயில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. இந்த நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான இன்டர்ஃபெரானுக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. நுரையீரல், குடல், மார்பகம் போன்ற உள்ளுறுப்புப் புற்றுநோய்களுக்கு இந்த மருந்துகள் எதுவும் காரணமாகத் தெரியவில்லை.

அப்படியானால் மருந்து பெரும்பாலும் நிரபராதி. தோலில் மட்டும் குற்றவாளி. ஆனாலும் உள்ளுறுப்புப் புற்றுநோய்கள் இந்த நோயாளிகளுக்குக் கூடுதலாகத்தான் வருகின்றன. அது எப்படித் தெரியும் என்றால், சுவீடனில் 1947 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாள எண் உண்டு, 1958 முதல் நாடு முழுவதற்கும் ஒரே புற்றுநோய்ப் பதிவேடு உண்டு. அந்த இரண்டையும் சேர்த்து 9,379 மஜ்ஜை நோயாளிகளைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். 2018-ல் வந்த முடிவு: ரத்தம் சாராத புற்றுநோய்கள் இவர்களுக்கு 1.6 மடங்கு. தோல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றில் மூன்று மடங்கை நெருங்கியது. நுரையீரல், கணையம், வாயும் தொண்டையும் சேர்ந்த பகுதி இவற்றிலும் கூடியிருந்தது.

1.6 மடங்கு என்று கேட்டதும் நெஞ்சு படபடக்கும். எனக்கும் படபடத்தது. அந்த எண்ணைத் தெருவில் இறக்கிவைத்துப் பார்ப்போம். ஒரு தெருவில் ஒரே வயதுக்காரர்கள் நூறு பேர் இருக்கிறார்கள், பத்து வருடத்தில் அவர்களில் பத்துப் பேருக்குப் புற்றுநோய் வரும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூறு பேருக்கும் இந்த ரத்த நோய் இருந்தால் பத்து பதினாறாகும். எண்பத்து நாலு பேருக்கு அப்போதும் வராது. அந்தக் கூடுதல் ஆறு பேருக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஏன் கூடுகிறது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. 2005-ல் பாரிஸ், பாசல், கேம்பிரிட்ஜ், பாஸ்டன் ஆகிய நான்கு இடங்களில் தனித்தனியே வேலை செய்த குழுக்கள் ஒரே பிழையைக் கண்டுபிடித்தன. ஜாக்-2 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. பாலிசைத்தீமியா வெரா உள்ளவர்களில் 95 சதவீதம் பேரிடம் அந்தப் பிழை உண்டு. பெரியப்பாவின் ஃபைலிலும் "ஜாக்-2 பாசிட்டிவ்" என்று இருக்கிறது. இந்தப் பிழை ஏந்திய அணுக்கள் உடல் முழுக்க அணையாத ஓர் அழற்சியை மூட்டி வைத்திருக்கின்றன. உமி நெருப்பு மாதிரி, மேலே புகை தெரியாது, உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். நாள்பட்ட அழற்சி புற்றுநோய்க்கு உரம் என்பது கல்லீரலிலும் குடலிலும் ஏற்கெனவே தெரிந்த செய்தி. பிறக்கும்போதே வரும் சில மரபணு வேறுபாடுகள் ரத்த நோய்க்கும் பிற புற்றுநோய்களுக்கும் பொதுவாக வாசல் திறந்துவைப்பதும் உண்டு. அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வருகிறவரிடம் எதுவும் சீக்கிரம் கண்ணில் படும் என்பதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். பெரியப்பா விஷயத்தில் அது நடக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சுவீடனின் எண்களை அப்படியே தூக்கி இங்கே வைப்பதும் சரியல்ல. வெள்ளைத் தோலுக்கு வெயில் செய்வதை நம் தோலின் நிறமி பெருமளவு தடுத்துவிடுகிறது. தோல் புற்றுநோய் நம்மிடம் எப்போதுமே குறைவு. நம் ஊரின் புற்றுநோய்கள் வேறு: ஆண்களுக்கு வாய், பெண்களுக்கு மார்பகமும் கருப்பை வாயும், சென்னைப் பக்கம் வயிறு. வடக்கு ஐரோப்பாவில் எழுதப்படும் வழிகாட்டிகள் தோலைப் பார்க்கச் சொல்லும். நம் நோயாளியைப் பார்க்கிறவர் முதலில் "ஆ" காட்டச் சொல்ல வேண்டும்.

ஒன்று மற்றொன்றை மறைக்கும் விதம்

வாய்ப்புண் ஒன்றுதான் என்றில்லை. இன்னும் நுட்பமான மறைப்புகள் இருக்கின்றன. ரத்த நோய் உள்ள வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென்று அது தேவைப்படவில்லை என்று வையுங்கள். பிசிவி தானாகவே 42-ல் நிற்கிறது. வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைக்கத் தோன்றும். ஆனால் மருத்துவர் எடுக்காத ரத்தத்தைக் குடலில் ஒரு கட்டி சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்டிருக்கலாம். வேறொருவருக்கு இந்த ரத்த இழப்பு ரத்தச் சோகையாக வெளிப்பட்டுவிடும். இவருக்கோ அது நல்ல செய்தி வேடத்தில் வருகிறது. ரத்தம் எடுத்து எடுத்து இரும்புச் சத்து வற்றுவதும் இந்த நோயில் இயல்பு. அதனால் இரும்பு குறைந்திருக்கிறது என்ற ரிப்போர்ட்டும் யாரையும் எழுப்பாது.

மலத்தில் ரத்தம் தெரிந்தால் ஆஸ்பிரினைச் சொல்வார்கள். எடை குறைந்தால், மண்ணீரல் வீங்கி வயிற்றை அழுத்துகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்பார்கள். ராத்திரி வியர்த்தால் நோயின் குணம் என்பார்கள். ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கக்கூடியதுதான். பெரும்பாலான நேரம் உண்மையும் அதுதான். அதனால்தான் இந்த மறைப்பு இவ்வளவு வலுவாக இருக்கிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. சிறுநீரகக் கட்டி சில சமயம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, மஜ்ஜைக்குப் பொய்க் கட்டளை அனுப்பி ரத்தத்தைக் கெட்டியாக்கும். நுரையீரலிலோ குடலிலோ ஒளிந்திருக்கும் புற்று தட்டணுவை ஏற்றிவிடும். ரத்தம் கெட்டி என்று வந்தவருக்கு மரபணுப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் கேட்கிற மருத்துவர் பணம் பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம்.

இவ்வளவையும் படித்த யாராவது இன்றிரவு ஹைட்ராக்சியூரியாவை நிறுத்திவிடுவார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 2013-ல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில் 365 பாலிசைத்தீமியா நோயாளிகள் இருந்தார்கள். பிசிவியை 45-க்குக் கீழே வைத்தவர்களோடு ஒப்பிட்டால், 45-க்கும் 50-க்கும் நடுவில் விட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றால் வந்த மரணமும் பெரிய உறைவுகளும் நாலு மடங்கு. பத்து வருடம் கழித்து வரக்கூடிய ஒரு தோல் கட்டிக்குப் பயந்து அடுத்த மாதப் பக்கவாதத்தை வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

நீலகிரிப் பழங்குடி வீடுகளில் இதே மருந்து வேறொரு நோய்க்காக இருக்கிறது. 1952-ல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அந்த மலையின் மக்களிடம் அரிவாள் அணுப் பண்பு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். அரிவாள் அணுச் சோகை உள்ள குழந்தைகளின் உயிர்போகும் வலியைக் குறைப்பதில் ஹைட்ராக்சியூரியாவின் பங்கு பெரியது. அவர்களிடம் இந்த மருந்து புற்றுநோயைக் கூட்டுவதாக இதுவரையிலான நீண்ட அனுபவம் காட்டவில்லை. அந்தத் தாய்மார்கள் யாரும் இந்தக் கட்டுரையால் பயந்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. வயதுக்கு உரிய பரிசோதனைகளை, ரத்த நோய் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல் செய்துகொள்வது. முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றையும் பார்ப்பது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. புகையிலையை விடுவது. வெயிலில் வேலை செய்கிறவர் முழுக்கைச் சட்டையும் தலைப்பாகையும் விடாமல் இருப்பது. வருடத்துக்கு ஒருமுறை உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலை ஒருவர் பார்ப்பது. மூன்று வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணும், அது மாத்திரைப் புண்ணாகவே இருந்தாலும், சதைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மாத்திரைப் புண்தான் என்று பரிசோதனை சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.

புகையிலை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஏழு வருடத்தில் இருபத்தெட்டு முறையாவது பெரியப்பா அந்தப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் வெற்றிலைப் பொட்டலம் இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, பெரியவர் என்ற தயக்கம். ரத்தம் பார்க்கும் இடத்தில் வாயைப் பற்றிப் பேசுவானேன் என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் இன்னொரு சிக்கல் வந்தது. கெட்டி ரத்தம் உள்ளவரை மேசையில் கிடத்தினால் உறைவும் வரலாம், கட்டுக்கடங்காத ரத்தப்போக்கும் வரலாம். முதலில் பிசிவியையும் தட்டணுவையும் கீழே இறக்க வேண்டும், ஆஸ்பிரினை எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். ரத்த மருத்துவரும் அறுவை மருத்துவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டது அந்த ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை. பேசிய பத்து நிமிடத்தில் எல்லாம் தீர்மானமாயிற்று.

நாக்கின் ஒரு பகுதியை எடுத்தார்கள். கழுத்தில் நெறிக்கட்டிகளை எடுத்தார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது இரண்டு வருடம் ஆகிறது. ழகரம் போய்விட்டது, ரகரம் தடுமாறுகிறது. நாற்பது வருடம் "ஏறுங்க ஏறுங்க, படியில நிக்காதீங்க" என்று கத்திய குரல் இப்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் புரிகிறது. நோட்டு மட்டும் தொடர்கிறது. பிசிவிக்குப் பக்கத்தில் கோடு போட்டு வாய், கழுத்து, தோல் என்று மூன்று பத்தி சேர்த்திருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அவர் முதுகையும் காதின் பின்பக்கத்தையும் பார்க்கிறார்.

போன மாதம் இடது காது மடலில் மிளகு அளவு ஒரு தடிப்பு தெரிந்ததாம். ஊரில் யாரோ மரு என்றார்களாம், சுண்ணாம்பு தடவச் சொன்னார்களாம். பெரியப்பா அன்று மாலையே பஸ் ஏறிவிட்டார். சதை எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர ஆறு நாள் ஆயிற்று. சாதாரணத் தடிப்புதான். அதையும் மடித்து ஃபைலில் வைத்திருக்கிறார், "ஜாக்-2 பாசிட்டிவ்" காகிதத்துக்கு அடுத்து.